டிரெட்மில்லுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது?

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில், 68 வயதுப் பெரியவர் ஒருவர் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்து, கட்டுத் துணியையும் மீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு நலமாக வீடு திரும்பியவர் அவர். வெளிநாட்டில் இருக்கும் மகன், "அப்பா வெயிலில் வெளியே போக வேண்டாம்" என்று இணையத்தில் ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பியிருக்கிறார். அது வந்திறங்கிய ஐந்தாம் நாள் பெரியவர் அதிலிருந்து விழுந்தார்.

உடன் வந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "டாக்டர், தினமும் நடக்கச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்ன தவறு செய்தோம் என்று புரியாத குழப்பத்தில் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்று எழுதுகிறோம். நடைப்பயிற்சிக்கு மட்டும் "தினமும் நடங்கள்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கே நடப்பது, எவ்வளவு வேகத்தில் நடப்பது, முதல் நாள் யார் பக்கத்தில் இருப்பது என்று நாங்கள் சொல்வதில்லை. நோயாளியும் கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தில் அன்பு மிக்க ஒரு மகன் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அவர் விழுந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டிரெட்மில்லைப் படுக்கையறையில், தொலைக்காட்சியைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். அதன் பின்முனைக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அடிதான் இருந்தது. அன்று காலை அவர் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டார். பதில் சொல்லத் திரும்பியபோது ஒரு கால் பெல்ட்டைவிட்டு ஓரச் சட்டத்தின் மேல் போயிற்று. மற்றொரு கால் பெல்ட்டோடு பின்னால் போயிற்று. விழுந்தவர் பின்னோக்கி இழுக்கப்பட்டுச் சுவரில் முட்டி, அங்கேயே சிக்கிக்கொண்டார். பின்னால் வெறும் தரை இருந்திருந்தால் தரையில் விழுந்து கிடந்திருப்பார், அவ்வளவுதான். சுவர் இருந்ததால் ஓடும் பெல்ட்டின் மேலேயே கிடந்தார். பெல்ட் நிற்கவில்லை. மிக்ஸி ஓடிய சத்தத்தில் மனைவிக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. இயந்திரத்தை உடனே நிறுத்த உதவும் சிவப்புச் சாவி அதன் இடத்தில் செருகப்பட்டிருந்தது. ஆனால் சட்டையில் மாட்ட வேண்டிய அதன் கயிறு, பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் கைப்பிடியில் சுற்றிக் கிடந்தது. ஸ்டென்டுக்காக அவர் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் உட்கொண்டுவந்ததால் சிராய்ப்பின் ரத்தம் நிற்க நெடுநேரமாயிற்று. தலையில் அடிபடாதது நல்வாய்ப்பு.

இதே பெரியவர் நம் மருத்துவமனையில் இரண்டு முறை டிரெட்மில்லில் நடந்திருக்கிறார். டி.எம்.டி. பரிசோதனை என்று நாம் சொல்வது அதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-இல் வெளியிட்ட முறையையே இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்திலும் 10 விழுக்காட்டுச் சாய்விலும் தொடங்கி, மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் முறை அது. வீட்டு நடையைவிட அது கடினமானது. வேண்டுமென்றே இதயத்துக்குச் சுமை ஏற்றுவது. அங்கே அவர் விழவில்லை. ஏனெனில் அங்கே மார்பில் இ.சி.ஜி. மின்முனைகள் இருந்தன, ஒருவர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மருத்துவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிக் கவனித்தார், எட்டும் தூரத்தில் ஆக்சிஜனும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் இருந்தன. பின்னால் சுவர் இல்லை. நோயாளி சற்றுத் தடுமாறினாலே பெல்ட்டை நிறுத்த ஒரு கை தயாராக இருந்தது.

அதே வகை இயந்திரம் வீட்டுக்கு வரும்போது இவை எதுவும் கூட வருவதில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரையை நோயாளிக்கு எழுதுவதைவிட, அவருக்கு டிரெட்மில் வாங்கித் தர நினைக்கும் மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும், வீட்டில் உடனிருக்கும் துணைக்கும் எழுதுகிறேன். மருத்துவமனையில் அந்த இயந்திரத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கியது அதைச் சுற்றியிருந்த இடமும் ஆட்களும். வீட்டில் அவ்விரண்டையும் ஏற்படுத்த முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

டிரெட்மில்லுக்கு நான் எதிரியல்லன். சாலையில் நடக்கச் சொல்வது எளிது. ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் நடைபாதை எங்கே இருக்கிறது? விடியற்காலையில் தெருநாய்கள், மழைக்காலத்தில் மூடியில்லாத பள்ளங்கள், சித்திரை வெயில், வாகனப் புகை ஆகிய அனைத்தையும் கடந்து ஒரு முதியவர் நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது எளிதன்று. விடிவதற்குள் தனியே வெளியே போகத் தயங்கும் பெண்களையும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவை எட்ட, சிலருக்கு டிரெட்மில் ஒன்றே வழி. இயந்திரம் வாங்கிய பல வீடுகளில் அது ஆறே மாதத்தில் துண்டு காயப்போடும் கொடியாகிவிடுவதும் உண்டு. என் வீட்டில் உள்ளதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

வாங்குவதற்கு முன்னர் உடலைப் பற்றி ஒரு சொல். 2015 மே மாதம், சர்வே மங்கி என்ற இணைய நிறுவனத்தின் தலைவர் டேவ் கோல்ட்பர்க் மெக்சிகோவில் ஒரு விடுதியின் உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்துகிடந்தார்; பின்னர் இறந்தார். வயது 47. டிரெட்மில்லிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதே காரணம் என்று முதலில் உலகெங்கும் செய்தி வந்தது. அவருக்கு இதய ரத்தக் குழாய் நோய் இருந்ததும், அதனால் ஏற்பட்ட இதயத் துடிப்புச் சீர்கேடே மரணத்துக்குக் காரணம் என்பதும் பின்னரே தெரியவந்தன. இயந்திரத்தின் மேல் பழி விழுந்த நிகழ்வில் நோய் இதயத்தில் இருந்தது. எனவே இதய நோய், நீண்டநாள் சர்க்கரை நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நடக்கும்போது மார்பில் இறுக்கம், காரணம் தெரியாத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் வாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கால் இழுத்து நடப்பவர், பார்க்கின்சன் நோயாளி, அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர், கண்பார்வை மிகக் குறைந்தவர் ஆகியோருக்கு ஓடும் பெல்ட்டை நான் பரிந்துரைப்பதே இல்லை. அவர்களுக்கு அசையாத தரைதான் நல்லது.

இனி இடம். பெரும்பாலான குடும்பங்கள் டிரெட்மில்லின் நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகின்றன. அதற்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை. பின்புறம் குறைந்தது 2 மீட்டர், அதாவது ஆறரை அடி, வெற்றிடமாக இருக்க வேண்டும். இரு பக்கங்களிலும் அரை மீட்டர் வேண்டும். இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இது பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும். பொருத்த வரும் ஆளுக்கு அதைப் படிக்க நேரமிருப்பதில்லை, "எங்கே போடணும் சார்?" என்று கேட்டு, நாம் காட்டிய மூலையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் பின்னோக்கி ஓடுகிறது. வீட்டு டிரெட்மில்லில் கால் வைத்து நடக்கும் பரப்பின் நீளமும் பெரும்பாலும் அவ்வளவே, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. ஆகக் கால் தடுமாறியவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நொடி. முப்பது வயதுக்காரர் அந்த நொடிக்குள் கைப்பிடியைப் பற்றிவிடக் கூடும். எழுபது வயதுக்காரரால் அது இயலாது. அவர் விழுவார் என்று வைத்துக்கொண்டே அறையை அமைக்க வேண்டும். பின்னால் சுவர், பீரோ, கட்டில் விளிம்பு, கண்ணாடிச் சாளரம் ஆகிய எதுவும் இருக்கலாகாது.

இயந்திரத்தின் நீளம் ஐந்தரை அடி, பின்னால் ஆறரை அடி என்றால் மொத்தம் பன்னிரண்டு அடி. அடுக்குமாடி வீடுகளில் பத்துக்குப் பதினோரு அடிப் படுக்கையறையில் இது நேராக அடங்காது. அதனால் அறையையே மாற்ற வேண்டியிருக்கும். கூடத்தில் போடுவது வீட்டின் அழகைக் கெடுக்கிறது என்று தயங்குகிறார்கள். கூடத்தில் போடுங்கள் என்றே நான் சொல்வேன். அங்கே இடமும் உண்டு, வீட்டார் நடமாட்டமும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் நடப்பவர் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. நடப்பவரின் முகம் அறை வாசலை நோக்கி இருக்கட்டும். யாராவது கூப்பிட்டால் திரும்ப வேண்டியிராது. உள்ளே வரும் குழந்தையும் கண்ணில் படும். பெரியவர் விழுந்ததற்கு முதற்காரணம் அந்தத் திரும்பல்தான். நடப்பவரைப் பின்னாலிருந்து அழைக்கக் கூடாது என்பதை வீட்டில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் சொல்ல வேண்டுமானால் எதிரே வந்து நின்று சொல்லுங்கள். நடந்துகொண்டே கைப்பேசி பார்ப்பது கூடவே கூடாது.

பால்கனியும் மொட்டை மாடிக் கொட்டகையும் ஈரம் படும் இடங்கள். அவை மின்சார இயந்திரத்துக்கு ஏற்றவையல்ல. தரை சமமாக இருக்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ், கிரானைட் தரையானால் அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் இயந்திரம் நகராது, கீழ்வீட்டாருக்கும் சத்தம் குறையும். மின்விசிறியின் காற்று உடலில் படட்டும். கோடைக்காலத்தில் மூடிய அறையில் நடப்பதும் வெயிலில் நடப்பதும் ஒன்றுதான். மின் இணைப்பைப் பற்றி மின்பணியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எர்த் இணைப்புள்ள தனிப் பிளக், பெரும்பாலும் 16 ஆம்பியர், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். நடக்கும்போது மின்சாரம் போனால் பெல்ட் சட்டென்று நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். ஆகவே இரவில் நடப்பவர்களுக்குத் தானே எரியும் ஒரு அவசர விளக்கு அருகில் இருப்பது நல்லது. பெல்ட்டுக்கு அடியில் கையேடு சொல்லும் சிலிக்கோன் எண்ணெயை மட்டுமே இட வேண்டும். தேங்காய் எண்ணெய் கதவுக் கீலுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

எந்த வகை வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். நிறுவனப் பெயர் சொல்வது என் வேலையன்று. இதய நோயாளிக்கும் முதியவருக்கும் மூன்றே வரையறைகள் சொல்வேன். இரு பக்கமும் நீண்ட, உறுதியான கைப்பிடி வேண்டும். கைப்பிடியே இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கக்கூடிய தட்டை வகை வேண்டாம். மோட்டார் இல்லாமல் காலால் பெல்ட்டைத் தள்ளி நடக்கும் மலிவான வகையும் வேண்டாம். அது முழங்காலையும் இதயத்தையும் தேவையற்றுச் சிரமப்படுத்தும். பெல்ட்டின் வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, பத்தில் ஒரு பங்காகக் கூட வேண்டும்.

சிவப்புச் சாவிக்கு வருகிறேன். அதைப் பாதுகாப்புச் சாவி என்பார்கள். அதிலிருந்து ஒரு கயிறும், கயிற்றின் முனையில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை மார்புப் பக்கம் சட்டையில் மாட்டிக்கொண்டால், நடப்பவர் பின்னால் போகும்போது கயிறு சாவியை இழுத்துவிடும், பெல்ட் நின்றுவிடும். பத்து நொடி வேலை. ஆனாலும் இதைச் செய்கிறவர்களை நான் அரிதாகவே காண்கிறேன். "அது எதற்கு, நான் மெதுவாகத்தானே நடக்கிறேன்" என்பார்கள். மாட்டிய பிறகு ஒருமுறை, பெல்ட் மிக மெதுவாக ஓடும்போது, கயிற்றை இழுத்துப் பாருங்கள். உண்மையில் நிற்கிறதா? கயிறு மிக நீளமாக இருந்தால் விழுந்த பிறகும் சாவி கழலாது. பெரியவருக்கு ஏற்றபடி அதை முடிச்சிட்டுக் குறைப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

நடந்து முடித்ததும் அந்தச் சாவி இயந்திரத்தில் இருக்கக் கூடாது. இது பேரக் குழந்தைகளுக்காக. நம் வீடுகளில் தாத்தாவின் டிரெட்மில்லும் பேரனின் விளையாட்டும் ஒரே கூடத்தில்தான் நடக்கின்றன. ஓடும் பெல்ட்டின் பின்முனையில் பெல்ட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடுக்கில் சிறு விரல்கள் எளிதாக நுழைந்துவிடும். உராய்வுச் சூடு சில நொடிகளில் தோலின் முழு ஆழத்தையும் தீய்த்துவிடுவதால் அந்தக் காயம் சிராய்ப்பு போலத் தெரிந்தாலும் தீக்காயமே. சில குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரை தேவைப்படுகிறது. வெறும் சிராய்ப்பு என்று மஞ்சள் அப்பிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலட்டான் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் வகை இயந்திரங்களில் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும், குழந்தைகளும் பொருள்களும் பின்புறத்தின் அடியில் இழுக்கப்பட்டதாக எழுபதுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததும் காரணம். இயந்திரம் நின்றிருந்தாலும் ஆபத்து உண்டு. 2009-இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் நான்கு வயது மகள், டிரெட்மில்லிலிருந்து தொங்கிய கயிற்றில் கழுத்து சிக்கி இறந்தாள். எனவே சாவியைக் கயிற்றோடு கழற்றிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மடித்து நிறுத்தும் வகையானால் பூட்டு விழுந்ததா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

உடையைப் பற்றிச் சொன்னால் சிலர் சிரிக்கக் கூடும். வேட்டியும் நைட்டியும் புடவையும் டிரெட்மில்லுக்கு ஆகா. தாழ்ந்த கரை காலில் தட்டும், அல்லது பெல்ட்டோடு போகும். பெண்கள் சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை எடுத்து வைத்துவிட வேண்டும். வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம். வீட்டுக்குள் காலணியா என்று தோன்றும். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு வெறுங்கால் பெல்ட்டில் கொப்புளம் வந்ததே தெரியாது. அது புண்ணாகிய பின்தான் தெரியும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென ஒரு ஜோடி கேன்வாஸ் காலணி வைத்துக்கொள்ளுங்கள். நடந்து முடித்த பின் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய இயலாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

இனி நடப்பது. பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு இயந்திரத்தை இயக்காதீர்கள். இரு பக்கச் சட்டங்களின் மேல் கால்களை வைத்து, கைப்பிடியைப் பற்றி, மிகக் குறைந்த வேகத்தில் பெல்ட் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு காலாக இறங்குங்கள். முதல் வாரம் 2 முதல் 3 கிலோமீட்டர் வேகம் போதும், சாய்வு வேண்டாம், பத்து நிமிடம் போதும். தெருவில் 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கும் ஓடும் பெல்ட் முதல் சில நாள்கள் தலையைச் சற்றுக் கிறங்கச் செய்யும். நடக்கப் பழகியபின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். இறுகப் பற்றித் தொங்கிக்கொண்டு வேகமாக நடந்தால் ரத்த அழுத்தம் ஏறும்; உழைப்போ குறையும்; திரையில் தெரியும் கலோரிக் கணக்கும் பொய்யாகும்.

220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை இயந்திரத்தில் பதிந்துகொண்டு, இதயத் துடிப்பை அதற்கு ஏற்ப உயர்த்த முயல்பவர்களைப் பார்க்கிறேன். மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவரின் இதயம் அந்த அளவுக்குத் துடிக்காது. துடிக்க வேண்டியதும் இல்லை. அந்த எண்ணை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தில் முடியும். அதைவிட எளிய அளவுகோல் பேச்சு. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். ஒரு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எதிரே அமர்ந்திருக்கும் துணைவியார் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டாலே இந்தச் சோதனை நடந்துவிடும்.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாதீர்கள். கால் தசைகள் இயங்கும்வரை அவை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். திடீரென நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், கண் இருளும். ரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். கடைசி ஐந்து நிமிடங்களில் வேகத்தைப் படிப்படியாக இறக்கி, பெல்ட் முழுவதும் நின்ற பிறகே இறங்குங்கள். வயிறு நிறைய உண்டபின் இரண்டு மணி நேரம் கழியட்டும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைட் வகை மாத்திரை உண்கிறவர்களும் நடப்பதற்கு முன் ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ உண்டுவிட்டு, சற்றுப் பொறுத்து நடக்கலாம். காய்ச்சல் நாளிலும், ரத்த அழுத்தம் 180-க்கு மேல் உள்ள நாளிலும் விடுமுறை.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, கண் இருளுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் "இன்னும் ஐந்து நிமிடம்தானே" என்று தொடரக் கூடாது. கைப்பிடியைப் பற்றிப் பெல்ட்டை நிறுத்தி, இறங்கி உட்கார வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். வீட்டிலுள்ள இளைஞர் இருசக்கர வாகனத்தில் உட்கார வைத்துக் கொண்டுவருவது வேண்டாம்.

இவ்வளவையும் பெரியவர் தனியே நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஓர் ஆள் வேண்டும் என்கிறேன். முதல் இரண்டு வாரங்களுக்காவது அவர் நடக்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் அதே அறையில், நிறுத்தும் பொத்தானுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிக்ஸியும் குக்கரும் பிறகு ஓடட்டும். மகன் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. திரையிலிருந்து கை நீட்டிப் பெல்ட்டை நிறுத்த முடியாது. பணம் அனுப்பியவர் மகனாக இருந்தாலும், பக்கத்தில் நிற்க வேண்டிய சுமை பெரும்பாலும் எழுபதை நெருங்கும் தாயின் மேலோ, வேலைக்குப் போகும் மருமகளின் மேலோதான் விழுகிறது. இயந்திரம் வாங்க முடிவெடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களால் இயலும் நேரமே பெரியவர் நடக்கும் நேரமாக இருக்கட்டும்.

நான் முதலில் குறிப்பிட்ட பெரியவருக்கு மணிக்கட்டு சேர ஆறு வாரமாயிற்று. அதன் பிறகு அவர் அந்த டிரெட்மில்லில் ஏறுவதில்லை. மாலையில் அடுக்குமாடி வளாகத்துக்குள் மனைவியோடு நடக்கிறார். அவருக்கு அது போதுமானது, நல்லதும்கூட. ஆனால் அதே மாதத்தில் வேறொரு குடும்பம் கூடத்தின் நாற்காலிகளை நகர்த்தி, பின்னால் ஏழு அடி விட்டு, மகள் தினமும் காலை ஆறரை மணிக்கு எதிரே செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்க, தாயை நாளுக்கு இருபது நிமிடம் நடக்க வைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் அந்த அம்மையாரின் மூச்சு வாங்குதல் குறைந்ததை நான் கண்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டிரெட்மில் வாங்க நினைப்பவர்கள் அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, அதைப் போட நினைக்கும் அறையைக் கைப்பேசியில் படம் பிடித்து, நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். யார் உடனிருப்பார், எந்த நேரத்தில் என்பதையும் அதில் எழுதுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில் எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை நிமிடம், எப்போது கூட்டலாம் என்பதை நாங்கள் எழுதித் தருகிறோம். கேட்காமலே நாங்கள் எழுதித் தந்திருக்க வேண்டியது அது.